சத்தம் போட்டது என் வண்டிதான்

நவம்பர் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஒழுகும் இடத்தில் வாளி வைத்தாயிற்று. மூக்குக்கண்ணாடியின் இடது வில்லை உடைந்துவிட்டது. ஒரு கண்ணால் எழுதுகிறேன். வரி கோணினால் அதனால்தான்.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். சனிக்கிழமை மோதலுக்கு முன் நான் டிரைவர் மரியதாஸிடம் "சீக்கிரம் போ" என்று சொல்லவில்லை. கைத்தடியால் அவன் தோளில் தட்டவும் இல்லை. எனக்குக் கைத்தடி கிடையாது. குடை உண்டு, அது அரிசி மூட்டைக்கு அடியில் கிடந்தது. ரயிலைப் பிடிக்க டிரைவரை விரட்டினேன் என்று ரெங்கம் ஊர் முழுக்கப் பேச்சு. ரயில் நிலையம் எனக்குப் பின்னால் இருந்தது. சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பேசுகிறவர்களில் ஒருவர்கூட இதை யோசிக்கவில்லை.

நடந்தது, மறக்குமுன்:

மேட்டின் அடியில் இபுறாகிம் ராவுத்தர் தேநீர்க் கடை. அங்கே நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர். ராவுத்தரே தகரக் குவளையில் கொண்டுவந்து ஊற்றினார். பிறகு முதல் கியர். வண்டி எப்போதும்போல அலறிக்கொண்டு ஏறியது. வளைவில் எதிரே ஓர் எஸ்டேட் லோரி, ரப்பர் ஷீட் ஏற்றியது, நடு ரோட்டில். ஹாரன் இல்லை. இஞ்சின் சத்தமும் இல்லை. மோதியது. இரண்டும் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொண்டு கீழ்நோக்கிப் போய் நின்றன. என் நெற்றியில் வீக்கம். மரியதாஸுக்கு மணிக்கட்டு பிசகல். லோரியில் ஷீட் கட்டுகளின் மேல் உட்கார்ந்து வந்த கெலிண்டான், லோரி எடுபிடிப் பையன், விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில். பாவம், சின்ன வயது. அவன் பொருட்டுத்தான் இது போலீஸ் கேஸ்.

கண்மூடித்தனமாக ஓட்டிக் காயம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு மரியதாஸ் மேல். லைசென்சைப் பிடுங்கிக்கொண்டார்கள். தீர்ப்பு எதிராக வந்தால் சிறை, பிறகு வாழ்நாளில் ஸ்டீயரிங் தொட முடியாது. பன்னிரண்டு வருடமாக எங்கள் டிரைவர். என் வீட்டுக்காரருடைய கடைசிப் பயணத்தில் சவப்பெட்டிக்கு முன்னால் வண்டி ஓட்டியது அவன்தான். நான்கு பிள்ளைகள்.

மதியம் தூறல் விட்டது. துணி உலர்த்தும் கயிற்றில் கெஜத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தேன். என் காரின் முன் அச்சு மோதலில் கழன்று தரையில் இறங்கியிருக்கிறது. ரோட்டைக் கலப்பைபோல் உழுதுகொண்டு போயிருக்கிறது. அந்தப் பள்ளம், மோதியபோது சிதறிய கண்ணாடித் தூள் கிடக்கும் இடத்தில் தொடங்குகிறது. கீழ்நோக்கி மட்டும் போகிறது. பத்து கெஜம், முப்பது அடி. தூளுக்கு மேற்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. குனிந்து குனிந்து பார்த்தேன்.

கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ராவுத்தரைக் கூப்பிட்டேன். வந்தார். போலீசில் அவர்தான் முதல் சாட்சி.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"நான் கேட்டதைத்தாம்மா சொன்னேன். ஒங்க காடி உறுமிக்கிட்டு ஏறுச்சு. கடையில கிளாஸெல்லாம் கடகடன்னு ஆடுச்சு. லோரி சத்தமே காட்டலை."

"அதனால?"

"சத்தமில்லாத காடி எப்படிம்மா வேகமா வரும்?"

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முழங்கால் வலி.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், துணிக்கு நீலம், தபால்தலை.


நவம்பர் 10, செவ்வாய்

கொட்டுகிறது. காலையில் ரோட்டு ஆட்கள் வந்து பள்ளத்தைக் கல் போட்டு மூடிவிட்டார்களாம். பால்காரர் சொன்னார். போலீஸ் அளந்ததா என்று கேட்டேன். "அளக்க என்னா இருக்கு, ரோட்டுல பள்ளம்னா மூட வேண்டியதுதானே" என்றார். ஆக உலகத்தில் அந்தப் பள்ளத்தின் அளவு இருப்பது என் கயிற்றில் மட்டும்.

லோரி டிரைவர் வேலு ராவுத்தர் கடையில் உட்கார்ந்து சொல்வதாவது (சமையற்காரி கேட்டு வந்தது): "நான் உச்சியிலேயே இஞ்சினை அணைச்சிட்டேன். முடுக்காத காடிக்கு ஏது வேகம்? சும்மா உருண்டு வந்தேன், பத்து மைல் இருக்கும். அந்தம்மா காடிதான் நாப்பது மைல்ல பாஞ்சு வந்துச்சு." கூட்டம் தலையாட்டியதாம்.

அவன் பொய் சொல்வதாகவும் தோன்றவில்லை. இங்கே எல்லா லோரிக்காரர்களும் செய்வது இது. உச்சியில் இஞ்சினை அணைத்து, கியரை எடுத்துவிட்டு, ஸ்டேஷன் வரை உருண்டே வருவார்கள். மிச்சமாகும் பெட்ரோல் அவர்களுக்கு. இஞ்சின் ஓடவில்லை, ஆகவே சக்தி இல்லை, ஆகவே வேகம் இல்லை என்று நிஜமாகவே நம்புகிறான். ஊரும் நம்புகிறது. தேங்காய் மரத்திலிருந்து விழும்போது அதற்குள் என்ன இஞ்சின் ஓடுகிறது என்று ஒருவன் கேட்கக்கூடாதா.

உட்கார்ந்து கணக்கு.

சக்தி முதலில். என் கார், மூட்டைகள், நாங்கள் இருவர்: ஒரு டன், அதாவது 2240 ராத்தல். மேடு பத்துக்கு ஒன்று. ஆகவே பின்னுக்கு இழுப்பது 224 ராத்தல். சக்கரம் உருள்வதற்கு இன்னும் 50. மொத்தம் 274. நாற்பது மைல் என்றால் நிமிடத்துக்கு 3520 அடி. பெருக்கி 33,000-ஆல் வகுத்தால் இருபத்தொன்பது குதிரைச் சக்தி. காற்றின் எதிர்ப்பைச் சேர்க்கவே இல்லை. என் வண்டிக்குப் பிறந்த அன்றே இருபது. இன்றைக்குச் சக்கரத்துக்கு ஒன்பது வந்தால் பெரிது. ஒன்பதுக்கு எவ்வளவு வேகம்: பன்னிரண்டு மைல். கீழே நின்று தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பினோம், ஆகையால் ஓடிவந்த வேகமும் கையிருப்பில் இல்லை.

அலறல் என்பது பன்னிரண்டு மைலின் அலறல்.

அடுத்தது மொமென்டம். தமிழில் என்ன என்று தெரியவில்லை. உந்தம் என்று வைத்துக்கொள்கிறேன். எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. மோதிச் சிக்கிக்கொண்டால் இரண்டின் உந்தமும் கூடி, எதிரெதிரானால் கழிந்து, மிஞ்சியது மிஞ்சிய திசையில் போகும். மோதலுக்கு முன் எவ்வளவோ பின்னும் அவ்வளவே.

லோரி இரண்டு டன். ஷீட் பதினேழு பிக்குல் (ஸ்டேஷனில் இறக்கி எடை போட்டவர் சொன்னது), ஒரு டன்னுக்குச் சற்று மேல். மொத்தம் மூன்று என்று வைக்கிறேன்.

ஊர் சொல்வதையே எடுத்துக்கொள்வோம். கார் மேல்நோக்கி: 1 × 40 = 40. லோரி கீழ்நோக்கி: 3 × 10 = 30. மிச்சம் 10, மேல்நோக்கி. அதாவது இரண்டு வண்டியும் சேர்ந்து மேட்டில் ஏறியிருக்க வேண்டும். என் ஓட்டைக் கார் அந்த லோரியை மலை மேல் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

பள்ளம் கீழ்நோக்கி.

இதற்கு மேல் என்ன வேண்டும்? கான்வென்டில் பெண்களுக்கு இந்தப் பாடம் கிடையாது, தையல்தான். ஆண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் புத்தகம் ஒன்று சிஸ்டர் கையில் இருந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார். அதில் இரண்டு நிலக்கரி வாகன்கள் மோதும். ஐம்பது வருடம் கழித்து அந்த வாகனில் நானே உட்கார்ந்திருப்பேன் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

லோரி உண்மையில் வந்த வேகம்: முப்பத்திரண்டு மைல். முப்பது அடி உழுதுகொண்டு போனதை வைத்துக் கணக்கிட்டது. நாளை இன்ஸ்பெக்டரிடம்.


நவம்பர் 11, புதன்

மேகமூட்டம். ரிக்‌ஷாவுக்குப் பேரம் பேசித் தொண்டை காய்ந்தது. காவல் நிலையத்தில் வெகு நேரம் பெஞ்சு.

இன்ஸ்., வெள்ளைக்காரர், என் தாளைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஆங்கிலம் மிக அருமை" என்றார். நான் ஆங்கிலத்துக்காக வரவில்லை என்றேன். "எங்கே படித்தீர்கள்?" சொன்னேன். "ஆ, அதுதான்." எது அதுதான்?

தாளில் பாதி வரை விரலை வைத்து வந்தார். பிறகு விரல் நின்றுவிட்டது. "மோதிய வண்டிகள் சரிவில் உருள்வது இயற்கைதானே, மேடம்? மேடு என்றால் கீழே உருளத்தான் செய்யும்."

கேள்வி சரியான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன். பதிலும் வைத்திருந்தேன். அச்சு மண்ணில் இறங்கி உழும் வண்டி சும்மா உருளாது; தள்ளினால்தான் போகும். முதலில் மேலே போய்ப் பிறகு உருண்டிருந்தால் கண்ணாடித் தூளுக்கு மேல்புறமும் பள்ளம் இருக்கும். இல்லை.

"இல்லை என்று யார் பார்த்தது?"

"நான்."

"வேறு யார்?"

"இபுறாகிம் ராவுத்தர் கயிறு பிடித்தார்."

ராவுத்தரை அங்கேயே கூட்டிவந்து கேட்டார்கள். சார்ஜன்ட் மலாயில் கேட்டார். அவர் சொன்னது: "கயித்தைப் பிடிச்சேன் துவான். அந்தம்மா பிடிக்கச் சொன்னாங்க, பிடிச்சேன். பள்ளத்தை யாரு பார்த்தா? கடையில பால் பொங்கிக்கிட்டு இருந்துச்சு."

வெளியே வந்ததும் என்னிடம்: "கோவிச்சுக்காதீங்கம்மா. போலீஸ்ல ஒரு வார்த்தை கூடச் சொன்னா ஒம்போது வார்த்தை கேப்பாங்க."

சார்ஜன்ட் வாசல் வரை வந்தார். "தாப்பா லா, மேம். கேஸ் கெச்சில்." பரவாயில்லையாம், சின்ன கேஸ்தானாம். யாருக்குச் சின்னது என்று மலாயில் கேட்டேன். சிரித்தார்.

தாளை இன்ஸ். வாங்கி வைத்துக்கொண்டார். தொப்பிக்கு அடியில்.

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இதே கணக்கை நான் போட்டு அவர் கையில் கொடுத்திருப்பேன். அவர் கொண்டுபோயிருப்பார். நாற்காலி போட்டிருப்பார்கள். விரல் பாதியில் நின்றிருக்காது. முப்பது வருடம் தோட்டக் கணக்கு அப்படித்தான் நடந்தது. எல்லோரும் அவரைக் கணக்கில் கெட்டிக்காரர் என்றார்கள். அவரும் மறுத்ததில்லை. நல்ல மனிதர். இருந்தாலும்.

இரவு கஞ்சி. உப்பு இல்லை.


நவம்பர் 12, வியாழன்

லூர்துசாமி குளுவாங்கிலிருந்து மத்தியான ரயிலில் வந்தான். என் தங்கை மகன், கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன். ஆரஞ்சு கொண்டுவந்தான். உரித்துக்கொண்டே பேசினான்.

"பெரியம்மா, கோர்ட்டில கணக்கெல்லாம் எடுபடாது. சாட்சி வேணும். ஆள் வேணும்."

"ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொல்ல ஆள் வேணுமா?"

"ஆமா. அதுவும் ரெண்டு ஆள்."

தாளின் நகலைக் காட்டினேன். அவனுக்குக் கணக்கு ஓரளவு வரும். முப்பத்திரண்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இது நல்லா இருக்கு. முப்பதைத் தாண்டினா மாஜிஸ்ட்ரேட் காது நிமிரும். இந்த நம்பரை விட்டுடாதீங்க."

அவன் போனபின் மறுபடி சரிபார்த்தேன். தவறு.

என் தவறுதான். முப்பது அடி உழுத இடத்தில் ரோடு சமம் என்று வைத்துவிட்டேன். அது சமமில்லை, அதே மேடு. அச்சும் சக்கரமும் பிடித்து நிறுத்தப் பார்க்கின்றன, மேடு கீழே இழுக்கிறது. பிடிப்பு பாதி எடை என்றால் அதில் பத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும். கழிக்கவில்லை. மேடு ஏறும்போது இன்ச் இன்ச்சாகக் கணக்கில் சேர்த்த சரிவை, இறங்கும்போது மறந்திருக்கிறேன்.

திருத்தியபின்: சேர்ந்து நகர்ந்த வேகம் பத்தொன்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. நான்கால் பெருக்கி, பன்னிரண்டைக் கூட்டி, மூன்றால் வகுக்க: லோரியின் வேகம் இருபத்தொன்பது.

பிடிப்பு பாதி என்பது என் ஊகம். கால் பங்கு என்று குறைத்துப் பார்த்தேன். அப்போதும் பத்தொன்பதரை. எப்படி வளைத்தாலும் வேலு சொல்லும் பத்து வரவில்லை. வேலுவின் பத்தும் என் பன்னிரண்டும் உண்மையானால் வண்டிகள் இரண்டு அடிகூட நகர்ந்திருக்காது.

மணி என்ன ஆனாலும் இன்றே இன்ஸ்.க்குத் திருத்தம் எழுத வேண்டும். முப்பத்திரண்டு என்று கொடுத்திருக்கிறேன்.


நவம்பர் 13, வெள்ளி

மாமிசம் இல்லை. முருங்கைக்கீரை. வெயில், அதிசயம்.

திருத்தம் தபாலில் போயிற்று. லூர்துசாமிக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டேன், அவன் பின்னால் என்னைக் குறை சொல்லக்கூடாது. எப்படியும் சொல்வான்.

ஞானம்மா (பக்கத்துத் தோட்டத்து ஆபீஸ் கிராணி மனைவி) வந்தாள். அனுதாபம் சொல்லத்தான். "போகட்டும் விடுங்கக்கா, வயசான காலத்துல ஏன் போலீசு, கோர்ட்டுன்னு. டிரைவர்ங்க கிடைப்பாங்க." காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, "நீங்க குடையால தட்டினீங்கன்னாங்களே" என்றாள். தடி குடையாகிவிட்டது. தடி கிடையாது, குடைதான் உண்டு என்று நான் சொன்னது அங்கே வரை போயிருக்கிறது.


நவம்பர் 14, சனி

மரியதாஸ் வந்தான். மணிக்கட்டில் கட்டு. பின்வாசலில் நின்றான், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அம்மா, குத்தத்தை ஒத்துக்கிட்டா குறைச்சுப் போடுவாங்களாம். புதன்கிழமையே முடிஞ்சிருமாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"நீ வேகமா போனியா?"

மணிக்கட்டுக் கட்டின் நுனியைத் திருகினான். தோட்டத்தில் கோழி கத்திக்கொண்டிருந்தது.

"தெரியலைம்மா."

"தெரியலைன்னா?"

"கால் முழுசா அழுத்தியிருந்தேன். பலகை வரைக்கும். சத்தம் காதைப் பொளந்துச்சு. அவ்வளவு அழுத்தியிருந்தா வேகமாத்தானே போயிருக்கணும்? எல்லாரும் நாப்பதுங்கறாங்க. எனக்கும் இப்போ கண்ணை மூடினா அப்படித்தான் வருது."

கோபம் வந்தது. அவன் மேல் அல்ல. பிறகு அவன் மேலும். ஓட்டியவன் அவன், கையில் ஸ்டீயரிங், எதிரே ரோடு, அவனையே ஊர் பேசிப் பேசி மாற்றிவிட்டது.

"அரிசி மூட்டையைத் தோள்ல வெச்சுக்கிட்டு ஒருத்தன் படி ஏறுறான். மூச்சு வாங்குதா இல்லையா?"

"வாங்கும்."

"அவன் ஓடுறானா?"

"இல்லைம்மா."

"அதேதான் இது."

"சரிம்மா." போகத் திரும்பியவன்: "ஆனா நான் அழுத்தினேனே."

சொல்லி விளங்கவைக்கும் விஷயமில்லை. காது கேட்டதைக் காதால்தான் அழிக்க வேண்டும்.

ட்ரெஸர் பொன்னையாவுக்குச் சீட்டு அனுப்பினேன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவர். அவரிடமும் இதே கம்பெனி, இதே அளவு கார், என்னுடையதைவிட ஒரு வருடம் புதிது. எனக்கு ஓர் உதவி அவர் செய்ய வேண்டியதுண்டு. கேட்கக் கூச்சம். கேட்டுவிட்டேன்.


நவம்பர் 16, திங்கள்

நேற்று பூசைக்குப் போகும்போது ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. இன்று அதற்கெல்லாம் நேரமில்லை.

காலையில் வெயில், ரோடு உலர்ந்திருந்தது. பொன்னையா வந்தார். முறைத்த முகம். "அக்கா, என் காடிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா..." ஒன்றும் ஆகாது என்றேன்.

அரிசி மூட்டைகள் அதே எடைக்கு. நான் பின்னால். பொன்னையா ஸ்டீயரிங்கில், மரியதாஸ் அவர் பக்கத்தில். லைசென்ஸ் இல்லாததால் அவன் எதையும் தொடவில்லை. ராவுத்தர் கடையில் நிறுத்தினோம். அவரை வெளியே நின்று கேட்கச் சொன்னேன். "எதைம்மா கேக்கறது?" "சத்தத்தை." சாயாக் குடிக்க வந்தவர்களும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன், "அலமாக், சினிமா படம் பிடிக்கறாங்க லா" என்றான்.

முதல் கியர். பொன்னையா காலால் பலகை வரை அழுத்தினார். அதே அலறல். நெற்றி வீக்கம் விண்விண் என்றது, கதவைப் பிடித்துக்கொண்டேன். கையில் என் வீட்டுக்காரருடைய கடிகாரம். வளைவு வரை கால் மைல். ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நாற்பது மைல் என்றால் இருபத்திரண்டு வினாடியில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அதைச் சொல்லவில்லை. மரியதாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் காலடிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கவாட்டில் திரும்பி ரோட்டோரத்தைப் பார்த்தான். லாலான் புல். சத்தத்தில் பேச முடியாது. திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினான்:

"புல்லு ஒண்ணொண்ணாத் தெரியுதும்மா."

"என்ன?"

"ஒண்ணொண்ணா. எண்ணலாம்."

உச்சிக்குப் போய்த் திருப்பினோம். பொன்னையாவிடம் இஞ்சினை அணைத்து, கியரை எடுத்துவிட்டு இறங்கச் சொன்னேன். வேண்டாம் என்றார். பாதி வரை மட்டும் என்றேன். நாற்பது வருடம் எனக்கு யாரும் எதையும் மறுத்ததில்லை என்பதுபோல் பேசியிருக்கிறேன் போலும், அணைத்தார்.

அமைதி. குருவிச் சத்தம்கூடக் கேட்டது. முதலில் நடக்கிற வேகம். பிறகு காற்று. பிறகு புல் பச்சைக் கோடாகிவிட்டது. நான் பயந்தேன். எழுதிவைப்பது நியாயம்: மிகவும் பயந்தேன். மரியதாஸ், "போதும் பிடிங்க, பிடிங்க" என்றான். பொன்னையா பிரேக்கை மிதித்தும் வண்டி பாதியில் நிற்கவில்லை. கடை வாசல் வரை வந்துதான் நின்றது. ராவுத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை அவருக்கு. திரும்பியபோது வண்டி மூக்கு அவர் லுங்கிக்கு எட்டும் தூரம். கிளாஸ் கையிலிருந்து விழுந்தது.

"யா அல்லா. எப்போ வந்தீங்க?"

"இப்போதான். இஞ்சின் இல்லாம."

சாயா கொடுத்தார். "ஏறுறப்போ அதே சத்தம்தாம்மா. ஆனா ஏறிக்கிட்டே இருந்துச்சே. முடியவே இல்லை. அன்னிக்கும் அப்படித்தான் இருந்துச்சு, இப்போ நினைச்சா."

"இதைக் கோர்ட்டில சொல்வீங்களா?"

கிளாஸ் துண்டுகளைப் பொறுக்கினார். "கேட்டா சொல்றேன்மா."

பொன்னையா அதே முறைத்த முகத்தோடு என்னை வீட்டில் இறக்கினார். அவருக்கு ஒரு டின் பிஸ்கட் அனுப்ப வேண்டும்.

மரியதாஸ் கேட்டுக்குப் போய்த் திரும்பி வந்தான். "நான் வேகமாப் போகலைம்மா." கேள்வியாக அல்ல. போய்விட்டான்.


நவம்பர் 18, புதன்

விசாரணை. குளுவாங்குக்கு ரயில், மழை, ஈரச் செருப்பு.

லூர்துசாமி சொந்தக்காரன் என்பதால் மொழிபெயர்க்க வேறு ஆள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று மரியதாஸைக் கேட்டார்கள். "இல்லைங்க துவான். நான் வேகமாப் போகலை." கோர்ட்டுக்கே கேட்கும்படி. எனக்குப் பின்னால் வேலு இருமினான்.

வேலு சாட்சி: இஞ்சினை அணைத்துவிட்டேன், சக்தியே இல்லை, பத்து மைல். மாஜிஸ்ட்ரேட் எழுதிக்கொண்டார். இஞ்சின் அணைத்தது ஒரு நல்லொழுக்கம் போல அவர் தலை அசைந்தது.

ராவுத்தர் சாட்சி: கார் உறுமியது, லோரி சத்தமில்லை. அவ்வளவுதான். இறங்கச் சொல்லிவிட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் கூண்டிலேயே நின்றார், இன்னும் ஏதோ கேட்பார்கள் என்று. கேட்கவில்லை. வெளியே வந்து என்னிடம், "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்மா. நின்னேனே, பார்த்தீங்கல்ல" என்றார். பார்த்தேன்.

நான் எழுந்து பேச அனுமதி கேட்டேன். சாட்சியா என்றார் மாஜிஸ்ட்ரேட். வண்டியில் இருந்தவள் என்றேன். அப்படியானால் டிரைவர் பக்கம் சாய்வு இருக்குமே என்றார். இருக்கிறது, ஆனால் கணக்குக்கு இல்லை என்றேன். லூர்துசாமி ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டான்.

தாளைக் கேட்டார். இன்ஸ். பையில் தேடினார். திருத்தம் மட்டும் இருந்தது. முதல் தாள் இல்லை. "இது எதற்குத் திருத்தம் என்று தெரியவில்லை" என்றார். கோர்ட் சிரித்தது. முப்பத்திரண்டு இருபத்தொன்பதானதை அவர் படித்துக் காட்டினார். "மேடமே தன் கணக்கில் பிழை என்கிறார்."

பிழையைத் திருத்தியவள் பிழைக்காரி. திருத்தாமல் விட்டிருந்தால் கெட்டிக்காரி. ரயிலில் வரும் வழியெல்லாம் இதையே மென்றுகொண்டு வந்தேன்.

மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை, அதை நன்றியோடு குறிக்கிறேன். இரண்டு வாரம் தள்ளிவைத்தார். தாளைப் போலீஸ் பரிசீலித்து, ஏற்பதா இல்லையா என்று சொல்லட்டும் என்றார். அதுவரை லைசென்ஸ் போலீசிடமே.

வெளியே லூர்துசாமி: "முப்பத்திரண்டையே விட்டிருக்கலாம் பெரியம்மா."

"அது தப்பு."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

குடையைப் பிடித்து ரயில் வரை வந்தான். நல்ல பையன், நாற்பது வயது.

மரியதாஸ் இரண்டு வாரம் என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவப் போகிறேன் என்றான். மணிக்கட்டு அப்படி இருக்கிறது.


நவம்பர் 19, வியாழன்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. நீலம் தீர்ந்தது.

முதல் தாளை ஆரம்பத்திலிருந்து மறுபடி எழுதினேன், திருத்தத்தையும் உள்ளே சேர்த்து, சரிவு எங்கே விட்டுப்போனது என்பதையும் ஒளிக்காமல். படமும் போட்டேன்: மேடு, கண்ணாடித் தூள், பள்ளம், கீழ்நோக்கி அம்பு. வரிகளுக்கு எண் கொடுத்திருக்கிறேன். சிறுபிள்ளையும் படிக்கலாம். கூடவே இன்ஸ்.க்குக் கடிதம். மூன்று தடவை கிழித்தேன். முதல் இரண்டிலும் கோபம் தெரிந்தது. போனதன் சாரம் இங்கே, பின்னால் நான் எழுதவில்லை என்று யாரும் சொல்லாமலிருக்க:

ஐயா, என் வண்டி சத்தம் போட்டது. அதை நான் மறுக்கவில்லை. சத்தம் இஞ்சின் செய்த வேலையின் சத்தம். வேகத்தின் சத்தம் அல்ல. லோரி சத்தம் போடவில்லை. அதையும் மறுக்கவில்லை. மூன்று டன் எடை சரிவில் இறங்குவதற்கு இஞ்சின் தேவையில்லை. நீங்கள் சொல்லும் வேகங்கள் உண்மையானால் வண்டிகள் மேலே போயிருக்க வேண்டும். அவை கீழே போயின. 1 முதல் 14 வரை எண்ணிட்ட வரிகளில் இது காட்டப்பட்டுள்ளது. எந்த வரியில் பிழை என்று நீங்கள் கருதுகிறீர்களோ அந்த வரியின் எண்ணைக் குறிப்பிடுங்கள், நான் திருத்துவேன். பிழை எதுவும் இல்லையானால் மரியதாஸின் லைசென்சை எந்தக் காரணத்தால் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிவியுங்கள். சார்ஜன்ட் வழியாக வாய்மொழியாக வேண்டாம். அடுத்த விசாரணைக்கு முன்னால், எழுத்தில், உங்கள் கையொப்பத்துடன் பதில் அனுப்புங்கள்.